நீயே வங்கி, நீயே வாட்ச்மேன்!

‘பாஸ்வேர்டு கேக்கலை சார். ஓ.டி.பி. கேக்கலை. பன்னிரண்டு வார்த்தைதான் கேட்டாங்க. அதான் குடுத்துட்டேன்.’

போனில் பேசியவர் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கும் வாசகர். முப்பது வயதுகூட ஆகவில்லை. மூன்று வருடச் சேமிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக கிரிப்டோவாக மாற்றி, சொந்த வாலட்டில் வைத்திருந்தார். ஒருநாள் அந்த ஆப் மக்கர் பண்ணியது. பெயரைப் போட்டு இணையத்தில் தேடினார். எல்லாவற்றுக்கும் மேலே வந்த விளம்பரத்தைத் தட்டினார். ‘உங்களுக்கு எப்படி உதவலாம்?’ என்று மகா பணிவாக ஒரு சாட் பெட்டி திறந்தது. வாலட்டைச் சரிபார்க்க அந்தப் பன்னிரண்டு சொற்களை டைப் செய்யச் சொன்னது. செய்தார். கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், நாலு லட்சம் ரூபாய் மாயம்.

‘ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதேன்னு பேங்க்லேர்ந்து தினமும் மெசேஜ் வருது சார். இதைச் சொல்லக் கூடாதுன்னு மனசுல பதியற மாதிரி எனக்கு யாரும் சொல்லலையே?’

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கோபம்தான் இருந்தது. திருடன் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அவன் தொழிலை அவன் செய்கிறான். என் கோபமெல்லாம், ‘இனி நீயே உன் வங்கி’ என்று கோஷம் போட்டு இந்தத் தம்பியைக் கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டு, வங்கி நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்காமல் கழன்றுகொண்டவர்கள் மேல்.

*

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் நாலு வரி. பிட்காயின் மாதிரி சமாச்சாரங்களை வாங்கியவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வாங்கிய எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைப்பது. சாவி அவர்களிடம். இன்னொன்று, சொந்த வாலட். சாவி உங்களிடம்.

‘வாலட்’ என்ற பெயரே ஏமாற்று. பர்ஸ் என்றால் உள்ளே பணம் இருக்கும். இந்த வாலட்டுக்குள் ஒரு காசும் கிடையாது. எந்தக் காசு யார் கணக்கில் என்பது, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் பிரதி வைத்திருக்கும் ஒரு பொதுப் பேரேட்டில் இருக்கிறது. உங்கள் வாலட்டில் இருப்பது அந்தக் கணக்கைத் தொடுவதற்கான சாவி மட்டுமே.

அந்தச் சாவியை மனிதர்கள் எழுதிவைக்கத் தோதாக 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக மாற்றித் தருகிறார்கள். 2013-ல் வந்த முறை இது. 2,048 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. ‘அபாண்டன்’ என்று ஆரம்பித்து ‘ஜூ’ என்று முடியும். அதிலிருந்து குலுக்கி எடுத்த பன்னிரண்டு சொற்கள்தான் உங்களுடையவை. ‘சீட் ஃப்ரேஸ்’ என்பார்கள்.

பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிவிடலாம். வீட்டுப் பத்திரம் திருடுபோனால்கூட வீடு போய்விடாது. நகல் வாங்கலாம், பேப்பரில் விளம்பரம் கொடுக்கலாம். இந்தப் பன்னிரண்டு சொற்கள் இன்னொருவன் கைக்குப் போனால் வீடே போச்சு. உங்கள் போன் அவனுக்கு வேண்டாம், உங்கள் பின் நம்பர் வேண்டாம். உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு புது வாலட்டில் அந்தச் சொற்களைப் போட்டால், மொத்தப் பணமும் அவன் கையில்.

யூகித்துக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஓடவிட்டாலும் நம் ஆயுளுக்குள் முடியாது. அது திருடனுக்கும் தெரியும். அதனால் அவன் யூகிப்பதில்லை. கேட்கிறான். நாம் கொடுக்கிறோம்.

*

‘சாவி உன்னிடம் இல்லையென்றால் காசு உன்னுடையது இல்லை.’ கிரிப்டோ உலகத்தின் திருக்குறள் மாதிரி இதைச் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014-ல் சுமார் எட்டரை லட்சம் பிட்காயினைக் காணோம் என்று கையை விரித்தது. பிறகு அதில் இரண்டு லட்சம் மட்டும் அகப்பட்டது. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். திவாலானது. நம்மூருக்கு வந்தால், 2024 ஜூலையில் வசீர்எக்ஸ்ஸிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் பணம் முடங்கிய ஒரு முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் சட்டத்தின் பார்வையில் ஒரு சொத்துதான் என்று தீர்ப்பு சொன்னார். நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு மனிதர் தன் காசு தன்னுடைய சொத்துதான் என்று நிரூபிக்கவே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, பாருங்கள்.

இன்னொரு கதை இன்னும் விசேஷம். கனடாவில் குவாட்ரிகா என்று ஒரு எக்ஸ்சேஞ்ச். அதை நடத்திய ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார். வாடிக்கையாளர் காசுக்கான சாவியெல்லாம் அவர் ஒருத்தரிடம்தான் என்றது கம்பெனி. 76,000 பேர் நடுத்தெருவில். 2020-ல் ஒன்டாரியோ பங்குச் சந்தை ஆணையம் விசாரித்துச் சொன்ன உண்மை வேறு. அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே வாடிக்கையாளர் பணத்தை எடுத்து விளையாடித் தீர்த்திருந்தார். கேள்வி கேட்க இரண்டாவது ஆள் அங்கே இல்லவே இல்லை.

ஆக, எக்ஸ்சேஞ்சைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே என்பது சரி. அதற்கு அடுத்து, ‘உன்னை நம்பு’ என்று முடிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

*

பி.காம். படிக்கும்போது வங்கியியல் பாடத்தில் ஒரு விஷயம் வரும். வங்கியின் பணப்பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், இன்னொன்று கேஷியரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். உங்கள் லாக்கரும் அப்படித்தானே? உங்கள் சாவி ஒன்று, வங்கிச் சாவி ஒன்று. மனிதன் மறப்பான், ஏமாறுவான், ஆசைப்படுவான், ஒருநாள் செத்தும்போவான் என்று பல தலைமுறை அனுபவத்தில் தெரிந்துகொண்ட தொழில் செய்துவைத்த ஏற்பாடு அது.

குவாட்ரிகாவில் இல்லாமல் போனது அந்த இரண்டாவது சாவி. சொந்த வாலட்டிலும் அது கிடையாது. அங்கே ஒரு காட்டன். இங்கே நீங்கள். நீங்கள் யோக்கியர்தான், ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு மறதி கிடையாதா? தூக்கக் கலக்கம் கிடையாதா?

வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்று ஒருவர். கம்ப்யூட்டர்காரர். 2013-ல் சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்த ஹார்டு டிஸ்க் குப்பையோடு குப்பையாகப் போய்விட்டது. குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு வருடக் கணக்கில் போராடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டது. ஸ்டெஃபான் தாமஸ் என்று இன்னொருவர். புரோகிராமர். 7,002 பிட்காயினுக்கான சாவியைப் பூட்டிய சாதனத்தின் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். பத்து முறை தப்பாகப் போட்டால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். எட்டு முறை தப்பாகப் போட்டாகிவிட்டது என்று 2021-ல் செய்தி வந்தது. இவர்களெல்லாம் விஷயம் தெரிந்தவர்கள். இவர்களுக்கே இந்தக் கதி என்றால் திருப்பூர் தம்பி எம்மாத்திரம்?

வங்கியை நாம் ஆயிரம் திட்டுகிறோம். நானும் இதே பக்கத்தில் திட்டியிருக்கிறேன். ஆனால் அது சத்தமில்லாமல் என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். உங்கள் தப்பில்லாமல் கணக்கிலிருந்து பணம் திருடுபோய், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால், அந்தப் பாரம் உங்கள் தலையில் விழக் கூடாது என்று 2017-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. வங்கியே மூழ்கினால்கூட 5 லட்சம் வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு, 2020 முதல். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். மோசடி நடந்த உடனே 1930-க்கு போன் போட்டால், பணம் போன வழியில் இருக்கும் கணக்கை முடக்கவாவது முயற்சி நடக்கும்.

சொந்த வாலட்டில் இதில் எது இருக்கிறது? காப்பீடு இல்லை. நாமினி கட்டம் இல்லை. திருடன் வாலட்டுக்கு பிட்காயின் போய்ச் சேர்ந்தபின், ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல ஒரு மேனேஜர் கிடையாது. அரசாங்கம் மட்டும் ஞாபகமாக இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்தில் 30 சதவிகித வரி. ஜூலையிலிருந்து விற்கும்போது 1 சதவிகித டி.டி.எஸ். நஷ்டத்தைக் கழிக்க விடமாட்டோம் என்பது கொசுறு. கல்லா நிரம்பினால் சரி, காவலுக்கு நீயே பொறுப்பு!

‘நீயே உன் வங்கி’ என்பதை அப்படியே மொழிபெயர்த்தால் இதுதான் அர்த்தம்: நீயே மேனேஜர், நீயே கேஷியர், நீயே வாட்ச்மேன், நீயே ஆடிட்டர். சம்பளம் கிடையாது. லீவும் கிடையாது.

*

நான் கிரிப்டோ வாங்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. ஏற்கெனவே வாங்கி சொந்த வாலட்டில் வைத்திருப்பவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அப்படியானால் வங்கி வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள்.

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வாலட்டைத் தினசரி திறக்க பின் நம்பரோ கைரேகையோ போதும். பன்னிரண்டு சொற்கள் தேவைப்படுவது ஒரே சந்தர்ப்பத்தில்தான். போன் தொலைந்து, அல்லது சாதனம் கெட்டு, புதிதாக ஒன்றில் நீங்களாகவே வாலட்டை மீட்கும்போது. ஆகவே சாதாரண நாளில் அந்தச் சொற்களைக் கேட்கும் திரை, கேட்கும் குரல், கேட்கும் மெயில், கேட்கும் ‘கஸ்டமர் கேர்’ அத்தனையும் திருட்டு. விதிவிலக்கே இல்லை. ‘அப்டேட்’ என்பான், ‘வெரிஃபிகேஷன்’ என்பான், ‘கே.ஒய்.சி.’ என்பான், ‘இலவச காயின்’ என்பான். வாலட் செய்த கம்பெனிக்கே உங்கள் சொற்கள் தெரியாது. தெரியவும் கூடாது. அப்புறம் அவர்கள் எதற்குக் கேட்கிறார்கள்?

தபாலில்கூடக் கேட்பார்கள். லெட்ஜர் என்ற பிரெஞ்சுக் கம்பெனி, சாவியைப் பூட்டிவைக்கும் குட்டிச் சாதனங்களைச் செய்வது. 2020-ல் அதன் வாடிக்கையாளர்கள் இரண்டே முக்கால் லட்சம் பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் கசிந்து வெளியே வந்தது. அடுத்த வருடம் அவர்களில் சிலர் வீட்டுக்கு, கம்பெனி அனுப்பியது மாதிரியே பளபளப்பான பெட்டியில் போலிச் சாதனம் வந்தது. ‘உங்கள் பாதுகாப்புக்காக மாற்றித் தருகிறோம், பழைய சொற்களை இதில் போடுங்கள்’ என்று கடிதம் வேறு. எவ்வளவு அக்கறை!

அடுத்தது வாசல். தேடலில் வரும் விளம்பரத்தின் வழியாக வாலட்டுக்குள் நுழையாதீர்கள். தம்பி கவிழ்ந்தது அங்கேதான். கம்பெனியின் முகவரியை ஒருமுறை நன்றாகச் சரிபார்த்து புக்மார்க் செய்துகொண்டு, எப்போதும் அந்த வழியாகவே போங்கள். பெரிய கடையில் இருக்கிறதே என்றும் நம்ப முடியாது. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டோரிலேயே லெட்ஜர் பெயரில் ஒரு போலி ஆப் உட்கார்ந்திருந்தது. நம்பி இறக்கியவர்கள் லட்சக்கணக்கான டாலர் இழந்தார்கள்.

மூன்றாவது, கையெழுத்து. வாலட்டில் ‘அப்ரூவ்’ என்று தட்டுவது வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போடுவதற்குச் சமமாகிவிடலாம். ‘இந்தத் தளம் உங்கள் காசை எடுத்துக்கொள்ளச் சம்மதமா?’ என்பதைப் புரியாத பாஷையில் கேட்பார்கள். சொற்களைச் சொல்லாமலே கணக்கு காலியாகும் வழி இது. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் போனது. எப்படி? பெரிய பெரிய அதிகாரிகள், பல சாவி போட்டுத் திறக்கும் வாலட்டில், திரையில் எல்லாம் சரியாகத் தெரிகிறதே என்று ஒருவர் பின் ஒருவராக ஒப்புதல் கொடுத்தார்கள். திரை பொய் சொல்லியிருந்தது. இரண்டாவது சாவிக்காரர் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அவர் இருந்தும் பிரயோசனமில்லை. கம்ப்யூட்டர் காட்டுவதையல்ல, கையிலுள்ள சாதனத்தின் குட்டித் திரையில் வருவதைப் படியுங்கள். புரியவில்லையா, தட்டாதீர்கள். பணம் அனுப்பும் முகவரியையும் முழுசாக ஒப்பிடுங்கள். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் ஒத்துப்போகும்படி போலி முகவரி செய்து, உங்கள் பழைய பரிமாற்றப் பட்டியலில் சொருகிவைப்பது இப்போது ஒரு தனித் தொழில்.

நான்காவது, பிரித்து வையுங்கள். கைச்செலவுக்கு பர்ஸ், மற்றதுக்கு பீரோ என்று வைப்பதில்லையா? போனில் இருக்கும் வாலட்டில், போனால் அழாமல் இருக்கக்கூடிய அளவு மட்டும். மிச்சம் ஹார்டுவேர் வாலட்டில். அதை நேராக உற்பத்தியாளரிடம் வாங்குங்கள். சொற்களைச் சாதனம் உங்கள் கண் முன்னால் புதிதாக உருவாக்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே சொற்கள் அச்சடித்த அட்டை வந்தால், அந்தச் சொற்கள் அட்டையை அச்சடித்தவனுக்கும் தெரியும். தூக்கிப் போடுங்கள். பணம் போடுவதற்கு முன்னால், சாதனத்தை ஒருமுறை முழுக்க அழித்துவிட்டு, எழுதிவைத்த சொற்களைக்கொண்டு மீட்டுப்பாருங்கள். தீயணைப்பு ஒத்திகை மாதிரி. பலரும் செய்யாமல் விடுவது இதைத்தான்.

ஐந்தாவது, எழுதிவைப்பது. போட்டோ எடுக்காதீர்கள். அது தானாகவே கூகுளுக்கோ ஐகிளவுடுக்கோ ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிவைக்கும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கையால் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். நம்மூர் கரையானையும் மழைத் தண்ணீரையும் நினைத்தால் ஸ்டீல் தகட்டில் பொறித்துவைப்பது உத்தமம். ஆறு சொல் இங்கே, ஆறு சொல் அங்கே என்று சாமர்த்தியம் காட்டாதீர்கள். ஒரு பாதி தொலைந்தால் மொத்தமும் போச்சு.

வங்கியின் இரண்டாவது சாவி வேண்டுமா? அதற்கும் வழி இருக்கிறது. சொற்களோடு கூடுதலாக நீங்களே ஒரு ரகசியச் சொல்லைச் சேர்க்கலாம். சொற்கள் ஓரிடம், ரகசியச் சொல் வேறிடம். தொகை பெரிதென்றால், மூன்று சாவிகளில் எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி வைக்கலாம். ஆனால் நிதானமாகக் கற்றுக்கொண்டு, சின்னத் தொகையில் பழகிவிட்டுச் செய்யுங்கள். அரைகுறையாகச் செய்தால் திருடனுக்குத் திறக்காதது உங்களுக்கும் திறக்காது.

கடைசியாக, வாயை மூடிக்கொண்டு இருங்கள். 2025 ஜனவரியில் அதே லெட்ஜரின் நிறுவனர்களில் ஒருவரை பிரான்சில் கடத்திப் போய், பணம் கேட்டு விரலை வெட்டினார்கள். போலீஸ் மீட்டது. வாலட்டில் எவ்வளவு இருக்கிறது என்று டீக்கடையில் சொல்வது, பீரோ சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தேர்த் திருவிழாவுக்குப் போவது மாதிரி.

*

இத்தனையும் செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

அந்தச் சொற்பட்டியல் ஜப்பானிய மொழியில் இருக்கிறது, செக் மொழியில்கூட இருக்கிறது. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. உங்கள் மனைவி பீரோவைத் திறக்கிறார். ஒரு காகிதம். ஆப்பிள், டைகர், அம்ப்ரெல்லா, விண்டோ என்று பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். என்ன நினைப்பார்? பிள்ளையின் ஸ்பெல்லிங் டெஸ்ட் என்று நினைப்பார். பழைய பேப்பர்காரருக்குப் போடும் கட்டில் அதுவும் போகும். உங்கள் பத்து வருட உழைப்பு கிலோ கணக்கில் எடைக்குப் போகும்.

ஆகவே இன்றைக்கே தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் சொற்களை எழுத வேண்டாம். இப்படி ஒரு சொத்து இருக்கிறது, சாதனம் இங்கே இருக்கிறது, காகிதம் இங்கே இருக்கிறது, நிதானமாக இருக்கும்போது இன்னாரை அருகில் வைத்துக்கொண்டு செய், யார் கேட்டாலும் சொற்களை வாயால் சொல்லாதே. இவ்வளவு போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து ஒருமுறை செய்தும் காட்டுங்கள். இதை வீட்டில் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதா? அப்படியானால் உங்களுக்குச் சொந்த வாலட் வேண்டாம். நாமினி போட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டே போதும்.

கோஷம் போடுபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ‘அப்போதே திரையில் எச்சரிக்கை போட்டோமே’ என்கிறீர்கள். போட்டீர்கள். வாலட் தொடங்கிய முதல் நாளில், ஆங்கிலத்தில், ‘புரிந்தது’ என்று டிக் அடித்தால் மறைந்துபோகும் ஒரு திரையில். வங்கி ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் கூடவே எச்சரிக்கை அனுப்புகிறது. தமிழில் வீடியோ போட்டுக் காசு பார்க்கும் அண்ணன்மாரே, ஒவ்வொரு வீடியோவின் முதல் பத்து வினாடியில் ‘பன்னிரண்டு சொற்களைக் கேட்பவன் திருடன்’ என்று சொல்ல எவ்வளவு செலவாகும்? 30 சதவிகிதம் வாங்கும் மத்திய அரசே, அதே வரியை ஒரு எஸ்.எம்.எஸ்.ஸாக அனுப்ப எவ்வளவு ஆகும்? ஏமாந்தவனைப் பார்த்து ‘படிக்காதது உன் தப்பு’ என்று சிரிப்பது மட்டும்தான் இந்த ஊரில் இலவசம்.

தம்பியை 1930-க்குப் புகார் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார். பணம் திரும்பவில்லை. அடுத்த வாரம் மறுபடி போன்.

‘சார், போன காசை மீட்டுத் தர்றோம்னு டெலிகிராம்ல ஒருத்தர் வந்திருக்கார். முன்பணம் பதினைந்தாயிரம்தான் கேக்கறார். குடுக்கலாமா?’

‘தம்பி, அவன் உன்னை எப்படிக் கண்டுபிடிச்சான்னு யோசிச்சியா?’ என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ‘அவனேதானா சார்?’ என்றார்.

அவனேவாக இருக்கலாம். அவன் விற்ற பட்டியலை வாங்கிய இன்னொருவனாகவும் இருக்கலாம். பதினைந்தாயிரம் தப்பித்தது. அந்த அளவில் தம்பி வங்கித் தொழிலின் முதல் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார். ஃபீஸ்தான் நாலு லட்சம்.